பத்து லிட்டரா, இருபது லிட்டரா

சாமியானா கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி, பிரபாவதி நான்காவது முறையாக வாசலுக்குப் போய்த் திரும்பினாள். பெற்ற தாய் லூர்துமேரி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள்; மகளுக்கோ போனை விட்டுக் கை நகரவில்லை என்று எதிர்வீட்டில் அதற்குள் ஒரு பேச்சு ஓடியது.

போனில் விழுப்புரம் கடைக்காரர். மாவு பிசையும் மிக்சர் மெஷின் எது வேண்டும் என்று பன்னிரண்டு மணிக்குள் சொன்னால் திண்டிவனம் வண்டியில் ஏற்றிவிடுவாராம். விட்டால், கிறிஸ்துமஸ் முடிந்துதான்.

கோவிலுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சமையல்கூடத்துக்கு மூன்று மாதமாக மெஷின் பார்க்கிறார்கள். பெண் பார்த்திருந்தால்கூட இந்நேரம் வளைகாப்பு ஆகியிருக்கும். கடைசியில் இரண்டு மிஞ்சின. மேசைமேல் வைக்கும் பத்து லிட்டர், தரையில் நிற்கும் இருபது லிட்டர். சண்டை தீரவில்லை. தலைவி லூர்துமேரியே மகளோடு நேரில் பார்த்து முடிவு செய்யட்டும் என்று நேற்று அனுப்பிவைத்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் நடந்தது மட்டும் தெருவுக்குத் தெரியாது. தெருவுக்குத் தெரியாத ஒரே விஷயம் அதுதான்.

"பெரிசுல மாவு சட்டிய ஒருத்தியா தூக்க முடியுமாடி? காலையில அஞ்சு மணிக்குத் தனியா நிக்கிறவளுக்குத்தான் மெஷினு."

"ஒனக்கு எல்லாமே சின்னதா இருக்கணும்மா. அதான் இன்னும் இந்தத் தெருவுலயே கெடக்குற."

விக்கிரவாண்டியிலிருந்து திண்டிவனம்வரை இருவரும் பேசவில்லை. அதன் பிறகும் பேசவில்லை.

சமையல்கூடத்துப் பத்துப் பேரில் ஒருத்தியான மலர்விழி மூக்கைச் சிந்தி முடித்துப் பக்கத்தில் வந்தாள். பெரிய மெஷின் கட்சி.

"தப்பா நெனைக்காத பிரபா. அக்கா எதச் சொல்லிச்சி? அது சொன்னதுதான் கடைசி வார்த்த. யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம்."

ஒப்பாரி சட்டென்று தணிந்தது. காதுகள் மட்டும் வேலை செய்தன.

பெரியது என்று சொன்னால் போதும். சாட்சி கிடையாது.

"சின்னது" என்றாள் பிரபாவதி. "ஒருத்தியா தூக்குற மாதிரி இருக்கணும்னு சொல்லிச்சி."

மலர்விழியின் முகம் சுருங்கியது. சின்ன மெஷினுக்காகத் தொண்டை வறளக் கத்திய சித்ராதான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இல்லடி. நேத்து எட்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணிச்சி. 'பெரிசே வாங்கிக்கலாம் சித்ரா, பிரபா ஆசப்படுது, நமக்கும் வயசாயிக்கினு போவுது'ன்னுச்சி. 'நீ வாயத் தொறக்காத, காலையில நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்'னுச்சி."

"அப்பப் பெரிசுதான்!" என்று மலர்விழி அழுகையோடே எழுந்தாள்.

"பெத்த மவ சொல்றது பொய்யா?" என்றது ஒரு குரல்.

போன் அடித்தது. பிரபாவதி அதை மலர்விழி கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் ஈரம் படிந்து அம்மாவின் முகம் மங்கியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். மூக்குத்திவரை தெளிவாகத் தெரிந்தது. ஓரத்திலிருந்து மறுபடி மங்கிக்கொண்டு வந்தது. மறுபடி துடைத்தாள்.