உயிலில் இருந்த பெயர்கள்

ரொனால்ட் பதினோரு வருடங்களாக ஒரே மனிதரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எபனேசர் ஹார்ட்வெல், அமெரிக்கா விடுதலையடைந்த புதிதில் தெற்குப் பக்கத்து மாநிலம் ஒன்றுக்கு ஆளுநராக இருந்தவர். ரொனால்ட் ஏற்காட்டில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றபோது, தமிழில் யாரும் எழுதாத ஒரு வாழ்க்கையை எழுத ஆசைப்பட்டார். ஆசை எப்போதோ வடிந்துவிட்டது. முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

கையெழுத்துப் பிரதியைக் கணினியில் ஏற்றியவள் சசிகலா. பஸ் ஸ்டாண்டை ஒட்டி டைப்பிங் கடை வைத்திருந்தாள். பெற்றோர் காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். கொள்ளுத்தாத்தா காலத்தில், எஸ்டேட்டுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் மலைக்குக் கீழேயிருந்து கூட்டி வந்த குடும்பம்.

கடைசி அத்தியாயத்தில் அவள் கை நின்றது.

“ஏனுங்க சார், ‘இவரிடம் இருபத்தாறு அடிமைகள் இருந்தனர்’னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. அவங்க பேரு தெரியாதுங்களா?”

“கவர்னரோட உயில்ல இருக்கு. யாருக்கு எந்த ஆள்னு பிரிச்சு எழுதியிருக்கார்.”

“அப்பப் போடலாமுங்களே. அவரு குதிரைக்குக்கூடப் பேரு போட்டிருக்கீங்க.”

“புத்தகம் கவர்னரைப் பத்திம்மா” என்றார் எரிச்சலோடு.

“எங்க கொள்ளுத்தாத்தன் பேரு ஊட்டுல யாருக்கும் தெரியாதுங்க. அதான் கேட்டேன். தப்பா நெனைக்காதீங்க சார்.”

ரொனால்ட் மேட்டில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கி வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை உயிலின் நகலை எடுத்தார். பல வருடங்களுக்கு முன் வேகமாகப் புரட்டிய பக்கம். கிழட்டு ஜேக்கப். அவன் மகன் சாம். சமையற்காரி டைனா. ஃபில்லிஸ் ஹார்ட்வெல்லின் மூத்த மகளுக்கு, ஃபில்லிஸின் கைக்குழந்தை அவரது இளைய மகனுக்கு. ஹார்ட்வெல் சுதந்திரத்தைப் பற்றிப் பேசிய பேச்சை மூன்று வாரம் செலவழித்து மொழிபெயர்த்தது நினைவுக்கு வந்தது. கோபம்கூட வரவில்லை. உடம்பு மட்டும் கனத்தது.

அத்தியாயத்தைத் திரும்ப எழுத நான்கு மாதம் ஆயிற்று. சசிகலா பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“இந்தக் கொழந்தைக்குப் பேருங்க?”

“எழுதலைம்மா.”

‘கைக்குழந்தை’ என்று தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

சேலத்துப் பதிப்பாளர் பொன்னுவேல் படித்துவிட்டு போன் செய்தார். “ஏனுங்க சார், பெரிய மனுசரோட கதைன்னுதான ஒத்துக்கிட்டோம். அந்த அத்தியாயத்த எடுத்துட்டா அடுத்த மாசமே போட்டுரலாமுங்க.”

“எடுக்க முடியாதுங்க” என்றார் ரொனால்ட். பொன்னுவேல் அதிக நேரம் வாதாடவில்லை; அப்படியானால் போட முடியாது என்று போனை வைத்துவிட்டார். ரொனால்டுக்கும் வாதாடத் தெம்பில்லை.

விஷயத்தைக் கேட்ட சசிகலா, “நம்ம கடையிலயே முப்பது காப்பி போடலாமுங்க சார். பைண்டிங் நானே பண்றேன்” என்றாள்.

ஒரு மழைப் பகலில் பிரிண்டர் ஓடத் தொடங்கியது. ரொனால்ட் முதல் சில பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். பெயர்கள் இருந்த பக்கம் வெளியே வந்தபோது நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தார். சசிகலா அவரை எழுப்பவில்லை.