சம்பளச் சீட்டில் இல்லாத வீடு

ஆயுத பூஜைக்கு முன்னால் டைம் ஆபீஸ் சுவருக்கு வெள்ளையடித்தாக வேண்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு ஒப்பந்தக் கூலி; வருசா வருசம் இந்தச் சுவர் என் பங்கு. முதலில் பழைய நோட்டீசையெல்லாம் சுரண்ட வேண்டும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் தகட்டைக் கொடுத்தால், பசையோடு தோல் மாதிரி உரிந்து வரும். புளித்த வாடை அடிக்கும். முன்பெல்லாம் எதையும் பார்க்காமல் உரித்துக் குப்பையில் போட்டவன்தான். ஐம்பத்திரண்டு வயதில் முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றதிலிருந்து கண் சும்மா இருப்பதில்லை. கூட்டிக் கூட்டிப் படிக்கிறது. நிரந்தரத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி பெற்றுக்கொண்டோர் என்று ஒரு தாள். பதினேழாவது வரியில் தகடு நின்றுவிட்டது. ரா. தேவயானி, இரண்டாம் வகுப்பு. தந்தை ராஜா. ரூபாய் ஒன்பதாயிரம், பை ஒன்று, ஷூ ஒரு ஜோடி.

தேவயானி என் பேத்தி. ராஜா என் மகள் ஜோதியை விரட்டிவிட்டு மூன்று வருசம் ஆகிறது. பிள்ளை பெரம்பலூரில் என் வீட்டில்தான் வளர்கிறாள். அவள் காலில் கிடப்பது ரப்பர் செருப்பு. அதிலும் ஒரு வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கிறது.

போன வாரம்தான் ஜீவனாம்ச கேசில் ராஜா சம்பளச் சீட்டை நீட்டினான். பிடித்தம் போகக் கைக்கு வருவது பதினோராயிரம்தான், அதில் சாப்பாடு, பஸ், வீட்டு வாடகை என்று அவன் வக்கீல் அழாத குறையாகப் பேசினார். பின்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த வாடகை? அவன் இருக்கும் கம்பெனி குவார்ட்டர்சுக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்தவனே நான்தான். வாடகை கிடையாது, கரண்டுக்குக் காசு கிடையாது, ஆலைக்குப் போகக் கம்பெனி பஸ், கேண்டீனில் ஐந்து ரூபாய்க்கு முட்டையோடு சோறு.

பெண் கேட்டு வந்த அன்று அவன் அண்ணன் இதையெல்லாம்தான் விரல் மடக்கிச் சொன்னார். "சம்பளத்த வுடுங்க. வூடு ஃப்ரீ, கரண்ட் ஃப்ரீ, ஆஸ்பத்திரி ஃப்ரீ. எல்லாத்தயும் கூட்டிப் பாருங்க, நாப்பதாயிரத்துக்குச் சமம்." ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பவுன் ஏறியது. பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். பாடாலூர்ப் பக்கம் கிடந்த அரைக் காணி நிலத்தை விற்றேன். பர்மனென்ட் மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த என் வாயை நினைத்தால் எனக்கே துப்பத் தோன்றுகிறது. நகை கேட்கும்போது நாற்பதாயிரம், பிள்ளைச் சோற்றுக்குக் கேட்டால் பதினோராயிரம். ஒரே ஆள், ஒரே வேலை.

தாளை இன்னும் கொஞ்சம் நனைத்து மெல்ல உரித்தேன். சூப்பர்வைசர் இளையபெருமாள் வந்து நின்றார்.

"யோவ், அது என்ன அப்பளமா? இவ்வளவு பதமா எடுக்கிற?"

"கிழிஞ்சிடக் கூடாதுங்க சார்."

"குப்பைக்குப் போறது கிழிஞ்சா என்ன?"

அவர் போனதும் சோற்றுத் துணிக்குள் மடித்து வைத்தேன்.

எங்கள் வக்கீல் அனிதா அதைக் காயவைத்துப் பார்த்தார். "வீடு, கரண்டு, இந்த ஒன்பதாயிரம், எல்லாத்தயும் வருமானத்துல சேக்கணும்னு கேக்கலாங்கய்யா. கம்பெனியவே விவரம் குடுக்கச் சொல்லலாம். ஆனா இந்தத் தாளு எப்படிக் கெடச்சுதுன்னு நீங்க கூண்டுல ஏறிச் சொல்லணும்."

சொன்னால் என் கேட் பாஸ் போய்விடும், அதோடு வேலையும். அதை யாரும் எனக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

ஜோதி பிள்ளையின் செருப்பில் ஊக்கை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள்: "வூட்டுக்கு வர்றது ஒரு கூலி. அதயும் தொலைச்சிட்டு வா." செருப்பைக் கீழே போட்டுவிட்டு, "அந்தப் பை என்ன கலருன்னாவது கேட்டுட்டு வாப்பா" என்றாள்.

வாய்தா அன்று கோர்ட் வாசலில் ராஜா பக்கத்தில் வந்தான். காலில் கம்பெனி ஷூ பளபளத்தது.

"மாமா, இது பாஸ் புதுப்பிக்கிற மாசம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வேல?"

"பையி யாருக்கு மாப்ள குடுத்த?"

"எந்தப் பை?" என்றவன் சிரித்தான். "அதுவா, அண்ணன் மவனுக்கு. வுடுங்க மாமா, ஒரு பைதான?"

அவன் மூச்சில் கேண்டீன் முட்டை நாறியது.

என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். ஏறினேன். எந்தச் சுவர், எப்படி உரித்தேன் என்று சொன்னேன். படிக்கத் தெரியுமா என்று நீதிபதி கேட்டார்.

"கூட்டிப் படிப்பேங்க."

தாளை விரித்தேன். தே, வ, யா, னி. ராஜா தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாளின் முதுகில் காய்ந்திருந்த சுண்ணாம்பு உதிர்ந்து, கீழே எழுதிக்கொண்டிருந்த கிளார்க்கின் நோட்டில் விழுந்தது. அவர் முகத்தைச் சுளித்து ஊதினார். போகவில்லை. விரலால் தேய்த்தார். வெள்ளை இன்னும் பரவியது.