அழிக்காத நிழல்

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் பேனர் கடையில் இசைவாணிக்கு முக்கியமான வேலை, முகங்களை வெள்ளையாக்குவது. மஞ்சள் நீராட்டு விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, கொடுத்த போட்டோவில் இருக்கிற கருமையையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்தெடுத்தால்தான் வீட்டாருக்குத் திருப்தி.

அதே இசைவாணிதான் இப்போது தினமும் சாயங்காலம் போனில் விரலால் படம் வரையப் பழகுகிறாள். முட்டை, எலுமிச்சை, செம்பு எல்லாம் நிழல் விழுந்து உருண்டு திரண்டு நின்றன. கரும்பு வெட்டிவிட்டு வந்து வாசலில் உட்காரும் அம்மா காசியம்மாளின் முகம் மட்டும் அப்பளம் மாதிரி தட்டையாகவே வந்தது. கன்னத்துக்குக் கீழே கறுப்பைத் தடவுவாள். மறு நிமிஷமே கடைப் பழக்கத்தில் விரல் போய் அதை அழித்துவிடும். சனியன் பிடித்த விரல்!

“யாருடி இவ? சினிமாக்காரி மாரி கீறா,” என்றாள் அம்மா, எட்டிப் பார்த்து.

இசைவாணிக்குச் சுருக்கென்றது. ரோஷத்தோடு மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை. கண்ணுக்கடியில் குழி, ஒட்டிய கன்னம், வெயில் கருக்கிய கழுத்து என்று இருந்த நிழலை இருந்த இடத்தில் வைத்தாள். முகம் உயிரோடு எழுந்து வந்தது. அதைக் காட்டத்தான் பயமாக இருந்தது.

காசியம்மாள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். தன் கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டாள்.

“நான் செத்தா பேனர்ல இதையே போடுடி,” என்றாள். “வெள்ளையடிச்சு வைக்காத. நம்ம சனத்துக்கு அடையாளம் தெரியணும்.”