ஆறாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

பதுளையில் என் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் நானும் தயாபரனும் இருபது வருஷமாகச் சாவைப் பாடி ஆல்பம் போட்டு வருகிறோம். நான் சின்தசைசர், அவன் குரல். இரண்டு பேருக்கும் கறுப்பு உடுப்பு, கண்ணுக்கு மை. வீட்டில்தான் யாரும் செத்திருக்கவில்லை.

ஆறாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, மனைவியைப் புதைத்துவிட்டு வந்தவன் பாடுவது. ஒத்திகைக்காகத் தயாபரன் அதை ஒருமுறை பாடிப் பதிந்து வைத்தான். அடுத்த மாத மழையில் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் மண் சரிந்து, குடியிருந்த லயத்து வீட்டோடு அவன் மனைவி சுபாஜினியும் போய்விட்டாள்.

கருமாதி முடிந்த கையோடு வந்தான்.

“அந்தப் பாட்ட அவளுக்காகப் பாடணும், மச்சான்.”

பாடினான். தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் எண்ணப் பேர் கூப்பிடுவது போலிருந்தது. கடையில் பேரம் பேசிப் பழகிய என் வாய் சும்மா இருக்குமா?

“இன்னும் கொஞ்சம் சோகமா குடு மச்சான்.”

“இதுக்கு மேல எங்கிட்ட இல்லடா.”

ஏழு தடவை பாடியும் தேறவில்லை. கடைசியில் பழைய ஒத்திகைப் பதிவைப் போட்டேன். குரல் உடைந்து உருகியது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

தயாபரன் முழுசாகக் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

“இவனையே போடு. இவன்தான் பொண்டாட்டிய பறிகொடுத்தவன் மாதிரி பாடுறான்.”