பெஞ்சுப் பரிசோதனை

சவப்பெட்டியின் தலைமாட்டுப் பக்கத்தை வீட்டு வாசலில் நின்ற வண்டியில் ஏற்றிவிட்டு அவன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போதகர் அருகே வந்தார்.

"தம்பி, அம்மாவோட விசுவாசத்தைப் பத்தி நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும்."

நல்ல ஆளைப் பிடித்தார். ஆலயப் படியை மிதித்து வருஷக்கணக்காகிவிட்ட மகனுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? நேற்று மதியம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த அம்மா, நகரத்தின் இரைச்சலுக்கு நடுவே, எல்லா மதத்துப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளியில் டீச்சர். வகுப்பில் இயேசுவின் பேரைக்கூட எடுத்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். பிறகு அந்த விசுவாசத்தை அங்கே எங்கேதான் வைத்திருந்தாள்? அவள் பெட்டிக்கு முன் நின்று பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

ஆலய வாசலில், அம்மாவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரைப் பிடித்துக் கேட்டான்.

"காலைல எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவாங்க தம்பி. ஒவ்வொரு புள்ளையோட எடத்துலயும் உக்காந்து, தலையக் குனிஞ்சு, அந்தப் புள்ளைக்காக ஜெபம் பண்ணுவாங்க. அப்புறந்தான் பாடம்."

அதை அப்படியே மேடையில் சொன்னான். பின்வரிசையில் சீருடையோடு இருந்த பிள்ளைகளிடையே சலசலப்பு. ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி எழுந்தே விட்டாள்.

"சார், அது ஜெபமா? பெஞ்சுல பிட்டு எழுதிருக்கமான்னு செக் பண்றாங்கன்னுல்ல நெனச்சோம்! பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒழுங்கா படிச்சோம்!"

ஆலயமே சிரித்தது. போதகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவனுக்கும் சிரிப்பு வந்தது. உடனே இதை அம்மாவிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது.

சடைக்காரி இன்னும் உட்காரவில்லை. "நான் நெறைய லீவு போடுவேன் சார். நான் வராத அன்னிக்கு?"

அவன் திரும்பிக் கணக்கு வாத்தியாரைப் பார்த்தான்.

"சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் இன்னொரு தடவை உக்காருவாங்கம்மா," என்றார் அவர். "வராதவங்க எடத்துல மட்டும்."

அவன் பேச இன்னும் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தான். அதை விட்டுவிட்டு, இறங்கி வந்து, முன்வரிசையில் இருந்த பெரியம்மாவிடம் குனிந்தான்.

"ஞாயித்துக்கெழமைல அம்மா எங்க உக்காருவாங்க பெரிம்மா?"

பெரியம்மா பக்கத்தில் காலியாக இருந்த இடத்திலிருந்து தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்தாள்.