நடுப்பட்டை

"சோத்தாங்கைப் பக்கம் ரெண்டு வெரக்கட தள்ளு" என்றார் சகாய ஆண்டனி. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் சொல் குழறித்தான் வந்தது. பட்டறை நடுவில் நாற்காலியில் சாய்த்து, சரிந்து விழாமலிருக்க இடுப்பைத் துண்டால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

மகள் ஆஷ்லின் ஸ்பேனரோடு அந்தப் பழைய பென்ஸ் காரின் மூக்கருகே குத்தவைத்திருந்தாள். ஆறு வருடமாக அப்பாவோடு பட்டறையில் நிற்பவள். கிரில்லின் மத்தியில் நட்சத்திரம் பதித்த நடுப்பட்டை, இம்மி பிசகாமல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பக்கவாதம் வருவதற்கு முந்தின நாள் அப்பாவே அளந்து பூட்டியது.

"நேராத்தானப்பா இருக்கு."

"எங்க நேரா இருக்கு? கழுத்து சுளுக்குனவன் மாதிரி நிக்குது. ஒனக்குக் கண்ணு எங்க போச்சு?"

கண்ணைப் பற்றி மதுரை டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே இனி இவருக்குத் தெரியாது. இன்னொரு அடைப்பு வந்தால் தாங்காது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காலையில் தட்டின் வலது பாதியிலிருந்த இட்லியைத் தின்றுவிட்டு, "ரெண்டுதான் வச்சியா?" என்று மனைவி மெர்சியிடம் கோபித்துக்கொண்டார். மெர்சி தட்டைத் திருப்பி வைத்தாள். மிச்ச இரண்டும் கிடைத்துவிட்டன. காரை அப்படித் திருப்பி வைக்க முடியுமா?

எட்டு மாதமாக அந்தக் காரின் முகம்தான் அவருக்குச் சோறு தண்ணி. கண்டரமாணிக்கம் முத்துக்கருப்பன் செட்டியாரின் வண்டி. எந்தக் காலத்துப் புண்ணியவானோ முன்பக்கம் முழுக்கக் கூடுதல் விளக்கும் குரோமியமும் ஏற்றி, நகைக்கடை பொம்மைபோல ஆக்கிவைத்திருந்தான். அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றினால் இரண்டு நாள் சும்மா பார்ப்பார், பிறகுதான் அடுத்தது. கிரில் கம்பிகளை மெலிதாக்கினார். கடைசியில் முகம் தெளிந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை செட்டியார் வந்து எடுத்துப்போவதாக இருந்தது.

ஆஷ்லின் போல்ட்டைத் தளர்த்தினாள். அதே இடத்தில் திரும்பவும் முடுக்கினாள். "இப்பப் பாருங்கப்பா."

அவர் பார்த்தார். "என்னையே ஏமாத்துறியாடி?" என்றார். அதில் கோபம்கூட இல்லை. கண் கலங்கியிருந்தது.

அதை அவளால் தாங்க முடியவில்லை. பட்டையைத் தள்ளுவதென்றால் சட்டத்தில் புதுத் துளை போட வேண்டும். போட்டால் போட்டதுதான். தம்பி செல்வின் காதோரம் குனிந்து, "அக்கா, கிறுக்குத்தனம் பண்ணாத. எட்டு மாச வேல" என்றான்.

வாசலில் நின்ற மெர்சி, "அந்த மனுசன் பாத்துட்டுப் போகட்டும்டி" என்றாள்.

ஆஷ்லின் துளை போட்டாள். டிரில் போட்ட சத்தத்தில் அவள் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. நடுப்பட்டை வலப்பக்கம் இரண்டு விரற்கடை போய் உட்கார்ந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

சகாய ஆண்டனி வெகுநேரம் பார்த்தார். "ம். இப்பச் சரி." பாதி வாய் சிரித்தது. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் பட்டறைக்குள்ளேயே பெட்டியை வைத்தார்கள். காரை நகர்த்த வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரைக்குடிப் பட்டறைக்காரர்கள் வந்து மாலை போட்டார்கள். போட்டுவிட்டு நிமிர்ந்தால் நேரே கார்தான்.

"பாவம், கடேசியில கண்ணு போயிருச்சு மனுசனுக்கு."

"முப்பது வருசமா எடுத்த பேரு. இப்படியா முடியணும்?"

மெதுவாகத்தான் பேசினார்கள். ஆஷ்லினுக்குக் கேட்டது.

ஜெபம் தொடங்கச் சற்று முன்னால் செட்டியார் வந்தார். மாலை சாத்திவிட்டுக் காரின் முன்னால் போய் நின்றார். நட்சத்திரத்தின் மேல் கை வைத்துப் பார்த்தார்.

"இது யாரு பூட்டுனது?"

செல்வின் வாயைத் திறந்தான். ஆஷ்லின் முந்திக்கொண்டாள்.

"நாந்தான் ஐயா. அப்பா சரியாத்தான் பூட்டி வச்சிருந்தாக. நாந்தான் கழட்டித் தப்பாத் தொள போட்டுட்டேன்."

"அவுக பாக்கலையா?"

"படுத்துட்டாகல்ல ஐயா."

"அதானே!" என்றார் பட்டறைக்காரர் ஒருவர், எல்லாருக்கும் கேட்கும்படி. "ஆண்டனியண்ணன் கண்ணுக்கு இது தப்புமா?" மற்றவர்களும் தலையாட்டினார்கள். அவர்களுக்கே பெரிய நிம்மதியாக இருந்தது.

செட்டியார் அவளைத் திட்டவில்லை. "காரியமெல்லாம் முடியட்டும்மா. வண்டிய நான் வேற எடத்துல குடுத்துப் பாத்துக்கிறேன்" என்றார்.

ஆண்டனிக்குப் பிறகு பட்டறை அவள் கைக்குத்தான் வரும் என்பது ஊரறிந்த விஷயம். இனி அவளை நம்பி யார் வண்டி விடப்போகிறார்கள்?

"சரிங்கய்யா" என்றாள்.

பெட்டியின் தலைமாட்டில் மெர்சி உட்கார்ந்திருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சற்று நகர்ந்து, பாயில் தன் பக்கத்தில் இடம் விட்டாள்.