மத்தியான முறை

சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சங்கரபாண்டி சொன்னார்: "நாளையிலருந்து முத்துச்செல்வி செட்டுப் பக்கம் வரவேண்டாம்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த முத்துச்செல்வியின் கை நின்றது. அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. சுவரோரம் கம்ப்யூட்டரை மடியில் வைத்திருந்த நாத்தனார் நிவேதாவைப் பார்த்தாள்.

"நானாச் சொல்லல தாயி. இவ கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார் அவர்.

ஐந்தருவி போகிற வழியில் அவர்களுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் வடிக்கும் செட் இருந்தது. பெரிய இரும்புக் கலத்தில் புல்லைத் திணித்து, கீழிருந்து நீராவி விடுவார்கள். புல்லிலிருக்கும் எண்ணெயும் ஆவியாகி அதோடு கிளம்பும். இரண்டும் சேர்ந்து ஒரு குழாய்ச் சுருளுக்குள் போகும். சுருள் மூழ்கியிருக்கும் தொட்டியில் வாய்க்கால் தண்ணீர். குளிர்ச்சி பட்டதும் ஆவி திரும்பத் திரவமாகும். தண்ணீர் கீழே நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். தொட்டித் தண்ணீர் சூடேறிவிட்டால் மட்டும் எண்ணெயில் ஒரு பங்கு ஆவியாகவே தப்பிக் காற்றில் கலந்துவிடும்.

வேதிப் பொறியியல் படித்த நிவேதா இந்த வேலை முழுவதையும் கணக்காக மாற்றிக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மாதிரி கட்டிக்கொண்டிருந்தாள். எதைக் கூட்டி எதைக் குறைத்தால் அதிக எண்ணெய் இறங்கும் என்று அது சொல்ல வேண்டும். அதற்காக ஒவ்வொரு வடிப்பிலும் புல்லின் ஈரம், நீராவியின் வேகம் என்று கிடைத்ததையெல்லாம் பதிந்தாள். யார் வேலையில் நின்றார்கள் என்பதையும் பதிந்தாள். தொட்டித் தண்ணீரின் சூட்டைப் பதிய மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

முத்துச்செல்வி நின்ற வடிப்புகளில் எண்ணெய் குறைந்திருந்தது. ஏன் என்று தேடலாம் என்றுதான் நிவேதா அதை அப்பாவிடம் காட்டினாள். அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவில் பலரும் சொல்லி வந்ததுதான்: தாலியறுத்தவள் கைபட்டால் விருத்தியாகாது. இப்போது அதைப் படித்த மகளே படம் போட்டுக் காட்டிவிட்டாள்.

முத்துச்செல்வி ரசப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"புல்லு எவ்ளோ ஈரம்னு கேட்ட, பாத்துச் சொன்னேன். என் பேர எதுக்கு எழுதுதன்னு நான் கேக்கல பாரு, நிவேதா."

அடுத்த நாள் திருவேங்கடத்திலிருந்த தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் போன பிறகுதான் நிவேதா வேறொன்றைக் கவனித்தாள். மதினியின் வடிப்புகள் எல்லாமே மத்தியானத்தில் நடந்தவை. அண்ணன் சுடலைமணி இறந்ததும் அப்பாதான் அப்படி முறை வைத்தார். காலையில் சூடம் கொளுத்தி அடுப்புப் பற்றவைக்கும்போது அவள் எதிரே நிற்கக் கூடாது என்பது காரணம். சாரல் ஓய்ந்த மாதங்களில் வாய்க்காலில் நீர் மெலியும். மத்தியான வெயில் நேரே தொட்டிமேல் விழும்.

தண்ணீர்தான் காரணம் என்று அப்பாவிடம் எவ்வளவோ விளக்கினாள். "அப்ப ஏட்டி, ஒன் கம்ப்யூட்டரு தண்ணிய விட்டுட்டு அவ பேர ஏன் காட்டுச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால் அதை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட வேண்டும். நிவேதா ஆளை மட்டும் மாற்றினாள். அதே புல், அதே அடுப்பு, அதே மத்தியானம். முத்துச்செல்வி நின்ற இடத்தில் தானே நின்றாள். செட்டு முழுக்க எலுமிச்சை வாசம் கமகமத்தது. அத்தனையும் திரவமாகாமல் காற்றில் தப்பிப் போகும் எண்ணெய்.

சங்கரபாண்டி வந்து எண்ணெய் இறங்கும் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். எண்ணெய் மதினியின் நாட்களைப் போலவே மெல்லிய படலமாக நின்றது. அவர் நேரே தொட்டிக்குப் போய்க் கையை விட்டார்.

"தண்ணி கொதிக்குல்லா. பெறகு எப்படி எண்ணெ நிக்கும்? நீ என்ன செய்வ தாயி."

நிவேதா போனை எடுத்துத் திருவேங்கடத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"மதினி, அப்பா ஒண்ணு சொல்லுதாவ, கேளுங்க." போனை அவர் முன் நீட்டினாள். "இப்பச் சொன்னத அப்படியே சொல்லுங்கப்பா."

"என்ன மாமா?" என்றது முத்துச்செல்வியின் குரல், பக்கத்தில் நின்று கேட்பதுபோல.

அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"டவர் கெடைக்கல போல" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"டவர் நல்லாத்தான் இருக்கு மதினி" என்றாள் நிவேதா. "நான் சொல்லுதேன்."